முதல் பாரம்

தெருவின் கடைசி வீடு அது. சாமான் ஏற்றிய லாரி திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து நின்றது. காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது.

இரண்டு இரும்புத் தூண்கள், நான்கு கைகள், ஒரு மோட்டர், ஒரு பெட்டி ஆங்கர் போல்ட். வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டில் காரைத் தூக்கும் லிப்ட் ஒன்றைப் பொருத்த வேண்டும். மூன்று நாள் வேலை. இந்த வேலைக்கு வந்த பிட்டர் இதுபோல் அறுபது எழுபது பொருத்தியிருக்கிறார்.

கூட வந்தவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. நாலு வருடமாக அவரோடுதான் வேலை. போன மாதம் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கட்டுப் பிரித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்காதான். அன்று காலை அவள் வாசல்வரை வந்தாள்.

"அவன்மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நீங்க இந்தப் படி ஏற வேண்டாம்."

"என்மேல விழுந்தா?"

"அது பரவாயில்ல."

மச்சான் லாரிக்குள் உட்கார்ந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதிவரை தூக்கிவிட்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். மழமழவென்று சவரம் செய்த முகம். வாங்க என்று சொல்லவில்லை.

"ஒன்பதுன்னு சொன்னீங்க. ஒன்பதே கால் ஆகுது."

"லாரி திரும்ப இடமில்ல சார்."

"ஷட்டரைப் பாதிக்குமேல தூக்காதீங்க. தெருவுல போறவனெல்லாம் எட்டிப் பார்ப்பான்."

குனிந்து உள்ளே போனார்கள். ஒரே ஒரு டியூப் லைட். ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் பெயின்ட் அடித்திருந்தது. பழைய ஆயில் வாசனை, ஈரச் சிமென்ட் வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று, இரும்பை நாக்கில் வைத்தாற்போல. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே தரை செருப்பைத் தாண்டிச் சில்லென்றது.

பின்சுவரை ஒட்டி, தார்ப்பாய் மூடிய ஒரு கார் நின்றது. பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த ஒரு பழைய ட்ராலி ஜாக்கி.

"இந்த வண்டிக்குத்தான் லிப்ட்," என்றார் வீட்டுக்காரர். "அடிப்பக்கம் முழுக்கத் துரு. ஆள் இறங்கி வேலை பார்க்கணும். ஆனா எந்த ஜாக்கியிலயும் இது நிக்கல. நாலு ஜாக்கி மாத்திட்டேன். ஏத்தி வச்சுட்டு டீ குடிச்சிட்டு வந்தா, கீழ இறங்கி நிக்குது."

"வண்டி கனமோ?" என்றான் மச்சான்.

"போன வருஷம் என் தம்பிமேல இறங்கிடுச்சு." மின்சாரம் போன கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். "அதோ, அந்த ஜாக்கிதான். பழுதான ஜாக்கி."

பிட்டர் ஜாக்கியைப் பார்த்தார். பழுதானதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தவர் விட்டுவிட்டார்.

"லிப்ட் தரையோட பிடிச்சிருக்கும். இறங்காதில்ல?"

"நாங்க இறக்கினாத்தான் இறங்கும் சார்."

"சரி. பேச்சைக் குறைச்சு வேலையைப் பாருங்க."

*

முதலில் ஒரு துளை போட்டுப் பார்த்தார்கள். நல்ல கான்கிரீட், ஆறு அங்குலம் கனம். அதற்குக் கீழே கெட்டி மண். பள்ளம், குழி எதுவும் இல்லை.

துளைக்குள் தூசி தங்கினால் போல்ட் பிடிக்காது. ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு வாயால் ஊத வேண்டும். மச்சான் குப்புறப் படுத்து ஊதினான். தூசி வெளியே வந்தது. குழாயை எடுத்துவிட்டுக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான்.

துளை திருப்பி ஊதியது.

முகம் முழுக்கச் சிமென்ட் பொடியோடு எழுந்து உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கினான், இருமினான், பிறகு சிரித்தான்.

"என்ன மாமா, அந்தப் பக்கம் ஏர் பைப்பைச் சொருகிட்டீங்களா?"

பிட்டரின் கையில் அளவு டேப் மட்டும்தான் இருந்தது. நான் இல்லை என்றார். அவன் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் ஏமாற்றாத நாளே கிடையாது. போன வருடம் ஒரு லாரிக்கு அடியில் மச்சான் படுத்துக்கொண்டு, முனகி முனகி, பிட்டரை ஜாக்கியோடு ஓட வைத்தான். அடுத்த வாரமே பிட்டர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் ஒளிந்து அவன் கணுக்காலைப் பிடித்தார். அவன் போட்ட கூச்சலில் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குதித்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவில் இந்தக் கதைகள்தான்.

பத்துத் துளைகள் போட்டார்கள். மற்ற ஒன்பது துளைகளையும் பிட்டரே ஊதினார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

தூண்களை நிறுத்தியதும், நட்டு போதிய அளவு இறுகினால் டக்கென்று சொல்லும் டார்க் ரெஞ்சை அவர்தான் எடுக்கப் பார்த்தார். மச்சான் முந்திக்கொண்டான்.

"கை எப்படி?" என்றார் பிட்டர்.

"சும்மா வச்சிருந்தாத்தான் மாமா வலிக்குது."

"முறுக்கினா நீதான் நிக்கணும். தெரியுமில்ல?"

"நாலு வருஷமா யார் நிக்கறா? தாத்தாவா?"

லிப்ட் பொருத்துபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லாதது. தூணைத் தரையோடு பிடிப்பது ஆங்கர் போல்ட். அதை முறுக்கியவன் எவனோ, முதல் பாரம் ஏறும்போது அவன்தான் அடியில் நிற்க வேண்டும். வண்டி தலைக்கு மேலே போக வேண்டும். இரண்டு பக்கமும் பூட்டு விழ வேண்டும். பத்து எண்ணிவிட்டு அவன் வெளியே வரலாம். தான்தான் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தவன் போல்ட்டை அரைகுறையாக முறுக்க மாட்டான்.

பத்தும் இறுகின. ரெஞ்ச் பத்து முறை டக்கென்றது. ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்கே, அடித்தட்டையும் சேர்த்து, மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார் பிட்டர். நட்டு அசைந்தால் கோடு முறியும். அசைந்தது உடனே தெரிந்துவிடும்.

மோட்டரைத் தூணில் மாட்ட அன்று நேரமில்லை. தரை ஈரமாயிருக்கிறது என்று அதை அந்தப் பழைய ஜாக்கிமேல் ஏற்றி, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள்.

"மாமா, அது பழுதான ஜாக்கி."

"மோட்டர்தானே. இறங்கினா இறங்கட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு ஒரு கதவு. அது திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இரண்டு டம்ளர் டீயோடு நின்றாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. குனிந்து டம்ளரைப் படிமேல் வைத்தாள்.

"இங்க வந்து எடுத்துக்கோங்க. நான் அந்தத் தரையில கால் வைக்கறதில்ல."

இறந்த தம்பியின் மனைவி. பிட்டருக்குக் கேட்காமலே தெரிந்தது.

"இது மாமனார் வண்டிங்க," என்றாள், தார்ப்பாயைப் பார்த்தபடி. "எங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனார். மெக்கானிக் வேலை கையில இருக்கு, இதை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிடலாம்னார் என் புருஷன். அவரோட அண்ணன், எங்க அத்தான், விடல. ஒரு வாரம் ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசல. அன்னைக்குத்தான் பேசினாங்க. கத்தல் கேட்டுச்சு. அப்புறம் சத்தமே இல்ல."

"சார் ஜாக்கி பழுதுன்னு சொன்னாரே," என்றான் மச்சான்.

"அத்தான் அப்படித்தான் சொல்றார்."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "டீ கொடுக்கப் போனவ அங்கேயே குடித்தனம் நடத்தறியா?"

கதவு மூடியது.

*

இரண்டாம் நாள் காலை பிட்டர் முதலில் பார்த்தது கோடுகளை.

பத்தும் முறிந்திருந்தன. ஒவ்வொரு நட்டும் கால் சுற்று பின்னால் திரும்பியிருந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளந்து திருப்பியதுபோல்.

"உன் வேலைதானே?"

"என் தலைமேல நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்குவேனா? கீழ நிக்கப்போறது நான்."

"ராத்திரி வீட்டுக்காரர் நோண்டியிருப்பார்."

"இதுக்கு ரெஞ்ச் வேணும் மாமா. நம்ம ரெஞ்ச் லாரியில பூட்டி இருந்துச்சு."

மறுபடி முறுக்கினான். மறுபடி பத்து டக், பத்து மஞ்சள் கோடு. பிட்டர் மோட்டரை எடுக்கப் போனார். ஜாக்கியின் கை தூக்கி வைத்த உயரத்திலேயே நின்றது. தூக்கும்போது சுவரில் ஒரு ஆணி மட்டத்துக்கு நிறுத்தியது அவருக்கு நினைவிருந்தது. ஒரு மயிரிழை இறங்கவில்லை.

மோட்டரை இறக்கி வைத்துவிட்டு அவர் ஜாக்கிமேல் ஏறி நின்று குதித்தார். இறங்கவில்லை. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். உஸ்ஸென்று மெல்ல இறங்கியது.

"பார்த்தியா," என்றார் தணிந்த குரலில். "நல்ல ஜாக்கி. இது தானா இறங்காது. யாராவது கைப்பிடியைத் திருப்பணும்."

மச்சான் வாயைத் திறந்தான்.

"வாயை மூடு. நமக்கு வந்த வேலை லிப்ட். நாளைக்குப் போயிடப் போறோம்."

அது தப்பு. பிற்பாடு அவருக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

மத்தியானம் காரை இரண்டு தூணுக்கும் நடுவில் உருட்டி வந்தார்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறிப் பிடித்துக்கொண்டது. அதைக் கழற்ற மச்சான் பலகையைப் போட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். பிட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் தூணோடு மோட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். திருகாணி பிடிக்காமல் அவருக்குக் கடுப்பு.

"பதினேழு குடு," என்றது அடியிலிருந்து குரல்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். திரும்பிப் பார்க்காமல், குனிந்து வண்டிக்கு அடியில் நீட்டினார். கை வாங்கிக்கொண்டது. கிரீஸ் பூசிய, குளிர்ந்த கை.

சற்று நேரம் இரும்பு கிறீச்சிடும் சத்தம்.

"லைட் காட்டு."

"இரு. ரெண்டு கைதான் இருக்கு எனக்கு."

"லைட் காட்டு."

"அக்காவுக்குத் தம்பியா வந்து வாய்ச்சியே. வர்றேன் இரு."

ஷட்டர் ஓரத்தில் நிழல் விழுந்தது. மச்சான் குனிந்து உள்ளே வந்தான். கையில் தண்ணீர் பாட்டில். முகம் கழுவிய ஈரம் சொட்டியது.

"யார்கிட்ட மாமா பேசிட்டிருக்கீங்க?"

பிட்டர் அவனைப் பார்த்தார்.

வண்டிக்கு அடியில் கிறீச் சத்தம் நின்றது.

ஸ்பேனர் தரையோடு உரசிக்கொண்டு பாய்ந்து வந்தது. யாரோ முழு பலத்தோடு வீசியதுபோல. அவர் காலில் அடித்துவிட்டுத் தூணில் மோதியது. இரத்தம் வந்தது.

"எப்படி மாமா பண்ணினீங்க?" மச்சான் கண் விரிந்தது. "கயிறு கட்டினீங்களா?"

"டேய், நிஜமாத்தான்டா. அடியில ஆள் இருக்கு. கை வாங்கினது. நான் தொட்டேன்."

"காலைக்கூட கிழிச்சிக்கிட்டிருக்கீங்க. பெரிய நடிகர்." உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தான். "பலகை இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. என்னைப் பயங்காட்டணும்னா இன்னும் நல்லா யோசிங்க."

பிட்டர் கெஞ்சிப் பார்த்தார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவன் சிரித்தான். நாலு வருடமாக விளையாட்டுக்குச் சொன்ன பொய்யெல்லாம் அன்று ஒன்றாக வந்து அவர் எதிரில் நின்றது.

கேபிள் மட்டும் கழன்றிருந்தது. சுத்தமாக, தொழில் தெரிந்தவன் கழற்றியதுபோல. ஆனால் கழற்றினது யார் என்று பிட்டர் ஒருவர்தான் கேட்டுக்கொண்டார்.

*

மூன்றாம் நாள் அவர் மச்சானை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பப் பார்த்தார். அவன் ஏற்கெனவே லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

போனதும் கோடுகளைப் பார்த்தார். மறுபடியும் முறிந்திருந்தன. ஆனால் நட்டுகள் இறுகித்தான் இருந்தன. ரெஞ்ச் வைத்தார், டக்கென்றது. பத்தும் சரி.

"காலையில வந்து பார்த்தேன். எல்லாம் தளர்ந்து கிடந்துச்சு," என்றார் வீட்டுக்காரர். அவர் கண்கள் சிவந்திருந்தன. "உங்க வேலை லட்சணம் அப்படி. தம்பியோட ரெஞ்சை எடுத்து நானே முறுக்கிட்டேன். பத்தையும்."

"நீங்களா?"

"என் வீட்டு நட்டு. நான் முறுக்கக் கூடாதா? இன்னைக்கு வண்டி மேல ஏறணும். சாயங்காலம் வண்டியை வாங்க ஆள் வர்றான், அடியில பார்க்கணுமாம். இதை இந்த வீட்டைவிட்டு அனுப்பியாகணும்."

மச்சான் உற்சாகமாகிவிட்டான். "அப்ப நீங்கதான் சார் நிக்கணும்."

"என்னது?"

"எங்க தொழில் வழக்கம் சார். நட்டை முறுக்கினவர் முதல் பாரத்துக்கு அடியில நிக்கணும். பத்து எண்ணற வரைக்கும். ஒண்ணும் ஆகாது. நான் அறுபது தடவை நின்னிருக்கேன், உயரம்கூட குறையல."

"உளறாதே."

"சும்மா வாங்க சார்."

வீட்டுக்காரர் ஓரடி பின்னால் போனார். முதுகு சுவரில் இடித்தது. அப்போதுதான் பிட்டர் கவனித்தார். தான் பார்த்தவரை, மூன்று நாளில் ஒருமுறைகூட வீட்டுக்காரர் அந்த வண்டிக்கு எட்டும் தூரத்தில் வரவில்லை. போல்ட் முறுக்க வந்தபோதும், வண்டி நின்ற பக்கத்துக்கு முதுகைக் காட்டாமல்தான் முறுக்கியிருப்பார்.

நிலைப்படியில் தம்பி மனைவி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஏன் அத்தான் நிக்க மாட்டீங்க?"

"உள்ள போ நீ."

"பழுதான ஜாக்கிதானே அன்னைக்கு இறங்கிச்சு. இது லிப்ட்டுதானே. பயம் எதுக்கு?"

"ஜாக்கி பழுதே இல்லக்கா," என்றான் மச்சான்.

பிட்டர் அவன் கையைப் பிடித்தார். ஆனால் அவன் சொல்லி முடித்துவிட்டான். "எங்க மோட்டரை ஒரு ராத்திரி பூரா தாங்குச்சு. மாமா ஏறிக் குதிச்சே பார்த்தார். யாராவது கைப்பிடியைத் திருப்பினாத்தான் இறங்கும்."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"திருப்பினது யாரு?"

வீட்டுக்காரர் பிட்டரிடம் திரும்பினார். "வேலையை முடிச்சிட்டு ரெண்டு பேரும் வெளிய போங்க. இல்ல, இப்பவே போலீஸைக் கூப்பிட்டு, சாமான் திருடினீங்கன்னு சொல்வேன்."

"சரி சார், கோபப்படாதீங்க," என்றான் மச்சான். "முதல்ல முறுக்கினவன் நான்தானே. நானே நிக்கறேன்."

"வேண்டாம்டா," என்றார் பிட்டர்.

"பயந்தாங்கொள்ளி."

"சொல்றதைக் கேளு."

"பத்து எண்ணினா முடிஞ்சுது. சட்டுபுட்டுன்னு முடிச்சிட்டுக் கிளம்புவோம் மாமா. எனக்கே இந்த ஆளைப் பிடிக்கல."

நான்கு கைகளும் வண்டியின் அடிச்சட்டத்தில் பதிந்தன. பிட்டர் பட்டனை அழுத்தினார். மோட்டர் முனகியது. வண்டி தரையைவிட்டு எழுந்தது. பூட்டுகள் பல் பல்லாக விழும் சத்தம் இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில் கேட்டது. இடுப்பு, மார்பு, தலை. தலைக்கு மேல் ஒரு முழம் போனதும் நிறுத்தினார். லேசாக இறக்கிப் பூட்டில் உட்கார வைத்தார். இனி எண்ணெய் முழுவதும் கசிந்தாலும் வண்டி விழாது. இரும்புப் பல் பிடித்துக்கொள்ளும்.

மச்சான் உள்ளே போய் நடுவில் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான்.

"ஒண்ணு. ரெண்டு. சார், பாருங்க. மூணு."

பிட்டர் பட்டனிலிருந்து கையை எடுத்து, நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார்.

"நாலு. அஞ்சு."

மோட்டர் ஓடவில்லை.

வண்டி ஒரு விரற்கடை மேலே போனது.

பூட்டிலிருந்து வண்டியை இறக்க வேண்டுமானால் முதலில் அப்படித்தான் கொஞ்சம் தூக்க வேண்டும். அப்போதுதான் பல் விடுபடும். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும்.

இரண்டு தூணிலும் பூட்டு விலகியது.

டக்.

"ஆறு," என்றான் மச்சான். பிறகு சிரித்தான். "மாமா, காலை விடுங்க."

பிட்டர் ஐந்தடி தள்ளி நின்றார்.

மச்சான் அவரைப் பார்த்தான். அவர் உயர்த்திய இரண்டு கைகளையும் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இருந்த முகம் மட்டும் மாறியது.

மெல்லக் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தான்.

உஸ்ஸென்று எண்ணெய் இறங்கும் சத்தம் கேட்டது.

வண்டி விழவில்லை. இறங்கியது. அவசரமில்லாமல், யாரோ ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதுபோல.

பிட்டர் பட்டனை அழுத்தினார். மோட்டர் அலறியது. வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் பாய்ந்து மச்சானின் தோளைப் பிடித்து இழுத்தார். மேல்பாதி வந்தது. கால் வரவில்லை. மச்சான் தலை குனிந்தான், பிறகு முழங்காலிட்டான், பிறகு மல்லாந்தான். வண்டி அவனோடு சேர்ந்து தாழ்ந்தது. அந்த இரும்பு வாசனை இப்போது வாயெல்லாம்.

"அத்தான்!" அவள் கத்தினாள். "சொல்லுங்க! நான்தான்னு சொல்லுங்க! சொன்னா விட்டுடுவார்!"

வீட்டுக்காரர் ஷட்டரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

குனிந்து வெளியே போய்விட்டார். தெருவில் செருப்புச் சத்தம் ஓடியது.

"மாமா," என்றான் மச்சான். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. சின்ன வயதுக் குரல். "மாமா, இழுங்க மாமா."

மார்புக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண். பிட்டர் குதிகாலைத் தூணின் அடித்தட்டில் ஊன்றி இழுத்தார். தோள் பிய்ந்துவிடும்போல் இருந்தது.

நிலைப்படியிலிருந்து அவள் இறங்கினாள். வெறுங்கால். ஒரு வருடமாகக் கால் வைக்காத தரை. நேராக வந்து வண்டி ஓரத்தில் உட்கார்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அடியில் பார்த்தாள்.

எதைப் பார்த்தாளோ, அவள் முகம் சுருங்கவில்லை.

"இங்க பாருங்க," என்றாள், தூங்குகிறவரை எழுப்புகிற குரலில். "இவன் உங்க அண்ணன் இல்ல. அவர் போயிட்டார். இவன் யாரோ வீட்டுப் பிள்ளைங்க. நல்லாப் பாருங்க. இவன் இல்ல."

எண்ணெய்ச் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திருப்பினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. விடுங்க."

பிடி விட்டது. மச்சான் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து பிட்டரின் மடியில் விழுந்தான். அடுத்த நொடி வண்டி முழுக் கனத்தோடு தரையில் இறங்கியது. டயர் நான்கும் வெடித்தன. ஷெட் அதிர்ந்து டியூப் லைட் அணைந்தது.

அரையிருட்டில் அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். பதில் வந்ததா என்று கேட்கப் பிட்டர் அங்கே நிற்கவில்லை.

*

ரெஞ்ச், டிரில், ஏணி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கம்பெனியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மச்சானின் கணுக்கால் இரண்டிலும் நாலு நாலு விரல் தடம் கன்றியிருந்தது. வேறு கீறல் இல்லை. "ஏணி சறுக்கிடுச்சு," என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு வாரம் பேசவில்லை. பேசாதது அவருக்கு நிம்மதியாக இருந்தது. கன்றினது ஆறியது. மச்சான் சாப்பிட்டான், தூங்கினான். சிரிப்பது மட்டும் இல்லை. அதுவும் வந்துவிடும் என்று பிட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிழைத்தானே, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிட்டர் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டு உள்ளே போன மனைவி திரும்பி வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"உங்க ரெண்டு பேர் கூத்தும் இன்னும் ஓயலையா? அவன் எதுக்குக் கட்டிலுக்கு அடியில படுத்திருக்கான்?"

"என்ன?"

"சாப்பிட்டுட்டு வந்து அடியில நுழைஞ்சு படுத்திருக்கான். கால் மட்டும் வெளியில தெரியுது. கூட யாரைப் படுக்க வச்சிருக்கான்? சிநேகிதன் யாராவது வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பேப்பர் கையிலிருந்து விழுந்தது.

அறைக்கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியே பளீரென்று வெயில். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிப் பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி மச்சானுடையது. இன்னொரு ஜோடியின் உள்ளங்கால் ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. விரல்கள் லேசாக ஆடின, வேலையில் மும்முரமாக இருப்பவனுக்கு ஆடுவதுபோல.

கட்டிலுக்கு அடியில் இருவர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான்," என்றார் பிட்டர்.

பேச்சு நின்றது.

கறுத்த பாதங்கள் முதலில் உள்ளே இழுத்துக்கொண்டன. பிறகு மச்சானுடைய பாதங்கள், குதிகால் தரையில் தேய, விரல் நுனிவரை உள்ளே போயின.

அந்தக் கட்டில் சுவரோடு ஒட்டிப் போட்டது. அகலம் மூன்றடி. காலை நீட்டிய ஆள் ஒருவனுக்குக்கூட அதற்கு அடியில் இடம் கிடையாது.

பாதங்கள் போய்க்கொண்டே இருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தூரமாக, இன்னும் தூரமாக.